மூன்று வருடம் சினிமா படித்தால் என்ன வேலை கிடைக்கும்?

கேள்வி: பள்ளிப் படிப்பு முடியப்போகிறது. பல்கலைக்கழகத்தில் சினிமா படிக்க ஆசை. இரண்டு இடங்களில் சீட் கிடைக்கும் போலிருக்கிறது. ஒன்று, சினிமா வரலாறு, கோட்பாடு, விமர்சனம் என்று எழுத்தை மையமாக வைத்த பட்டப்படிப்பு. இன்னொன்று, கேமராவையும் எடிட்டிங்கையும் கையில் கொடுத்துச் சொல்லித்தரும் படிப்பு. இதன் கட்டணம் இரண்டு மடங்குக்கு மேல். கடன் வாங்கித்தான் கட்ட முடியும். “மூணு வருஷம் படம் பார்த்துட்டு வந்தா யாரு வேலை கொடுப்பா?” என்கிறார் அப்பா. “படிப்பெல்லாம் எதுக்கு, நேரா ஒரு டைரக்டர்கிட்ட அசிஸ்டெண்டா சேர்ந்துடு” என்கிறார் மாமா. எனக்கு இயக்குநராக வேண்டும். ஆக முடியாமல் போனால் என்ன செய்வேன் என்ற பயமும் இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில் (எழுதுபவர் படத்தொகுப்பாளர்; சினிமா மாணவர்களுக்கு வகுப்பும் எடுப்பவர்):

அன்புள்ள மாணவிக்கு,

அப்பா கேட்பதில் தப்பே இல்லை. மாமா சொல்வதும் பாதி சரி. உங்கள் பயமும் நல்லதுதான். அது இல்லாமல் வரும் மாணவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கும்.

முதலில் இயக்குநர் ஆசையைப் பேசிவிடுவோம். இயக்குநர் வேண்டும் என்று யாரும் விளம்பரம் கொடுத்து ஆள் எடுப்பதில்லை. எந்தத் தயாரிப்பாளரும் பட்டச் சான்றிதழைக் கேட்பதில்லை. பெரிய இயக்குநர்களையே பாருங்கள்: ஜப்பானின் குரோசாவா ஓவியம் பழகியவர், ஸ்டுடியோவில் உதவி இயக்குநராகச் சேர்ந்து மேலே வந்தார். சத்யஜித் ராய் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தார். குப்ரிக் பத்திரிகைக்குப் புகைப்படம் எடுத்தவர். சரி, இந்தப் பக்கம் பாருங்கள்: தார்க்கோவ்ஸ்கி மாஸ்கோ திரைப்படக் கல்லூரி, ஸ்கோர்செசி நியூயார்க் பல்கலைக்கழகம். கீஸ்லோவ்ஸ்கி போலந்தின் லோட்ஸ் கல்லூரியில் இரண்டு முறை விண்ணப்பித்துத் தோற்று, மூன்றாவது முறை இடம் பிடித்தார். பாலு மகேந்திரா பூனா திரைப்படக் கல்லூரியில் படித்தது ஒளிப்பதிவு; பிற்பாடுதான் இயக்கம். இப்படி ஆளாளுக்கு ஒரு பட்டியலைப் போட்டு விடிய விடிய வாதாடலாம். உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்தப் பட்டியல்கள் எதற்கும் உதவாது. ஸ்கோர்செசி என்ன ஆனார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்த மற்றவர்கள் என்ன வேலைக்குப் போனார்கள் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும் செய்தி. எந்தக் கல்லூரியிலும், எந்த நாட்டிலும், சினிமா படித்தவர்களில் பெரும்பாலோர் இயக்குநர் ஆவதில்லை. அதற்காக அவர்கள் வீணாய்ப் போய்விட்டார்கள் என்று அர்த்தமில்லை. ஒருவர் ஒலிக்கலவை செய்கிறார், இன்னொருவர் ஷெட்யூல் போடுகிறார், இன்னொருவர் பழைய படங்களைக் காப்பாற்றுகிறார். ஆகவே என் அபிப்பிராயத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: இயக்குநர் ஆக்கிவிடும் என்று நம்பிச் சேர்ந்தால் இந்தப் படிப்பு ஏமாற்றும். அடுத்தவர் நம்பி ஒப்படைக்கக்கூடிய ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ளும் இடம் என்று நினைத்துச் சேர்ந்தால் ஏமாற்றாது. இயக்குநர் ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. அது பின்னால் வரட்டும், அதுவரை சம்பாதிக்க ஒரு கைவேலை இருக்கட்டும்.

கல்லூரி எதைக் கொடுக்கிறது? கருவிகளை என்றுதான் முன்பெல்லாம் சொல்வார்கள். கேமராவும் படச்சுருளும் சாதாரண ஆட்களுக்குக் கிடைக்காத காலம் அது. உலகின் முதல் திரைப்படக் கல்லூரி 1919இல் மாஸ்கோவில் தொடங்கியபோது அங்கேயே படச்சுருள் பஞ்சம். அங்கே பாடம் நடத்திய இயக்குநர் குலெஷோவின் பட்டறையில் மாணவர்கள் ‘படச்சுருள் இல்லாத படங்கள்’ போட்டுப் பழகினார்கள். ஷாட் ஷாட்டாகப் பிரித்த காட்சியை, கேமராவில் ஓடுவதுபோல மேடையிலேயே நடித்துக் காட்டுவது. கருவி இல்லாமலேயே எடிட்டிங் கற்றுக்கொண்ட கூட்டம் அது! இன்று கருவி உங்கள் கைப்பையிலேயே இருக்கிறது. எடிட்டிங் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஆகவே ஒரு கல்லூரி தன்னிடம் இருக்கும் கேமராக்களைக் காட்டிப் பெருமை பேசினால் அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள்.

வீட்டில் கிடைக்காதது வேறு ஒன்று. நீங்கள் எடுத்த எட்டு நிமிடப் படத்தைப் பதினைந்து பேர் இருட்டில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். மூன்றாவது நிமிடத்தில் ஒருவர் நாற்காலியில் அசைகிறார். நாலாவது நிமிடத்தில் இரண்டு பேர் போனை எடுக்கிறார்கள். யாரும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, எந்த இடத்தில் படம் தொய்கிறது என்று உங்களுக்கே உறைத்துவிடும். விளக்கைப் போட்டதும் ஆசிரியர் கேட்பார்: “அந்தப் பெண் வெளியே போவதென்று முடிவெடுத்தது எந்த ஷாட்டில்?” நீங்கள் விளக்க ஆரம்பிப்பீர்கள். “நீ சொல்லாதே, படம் சொல்லணும்” என்பார். அன்று இரவு திரும்பப் போய் வெட்டுவீர்கள். அடுத்த வாரம் மறுபடி போட்டுக் காட்டுவீர்கள். மூன்று வருடம் இது நடந்தால் உங்கள் கண் மாறிவிடும். தனியாக வீட்டிலிருந்து கற்பவர்களுக்குத் திறமை குறைவு என்று சொல்லவரவில்லை. இப்படி முகத்துக்கு நேரே கேட்க ஆள் கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, கூடப் படிப்பவர்கள். தெல்மா ஸ்கூன்மேக்கர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தது அரசியல் அறிவியலும் ரஷ்ய மொழியும். பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஆறே வாரக் கோடைக்காலப் படிப்பில் சேர்ந்தார். அங்கே ஸ்கோர்செசி என்ற மாணவரின் படத்துக்கு எடிட்டிங் உதவி தேவைப்பட்டது. அதற்கப்புறம் அவருடைய படங்களின் எடிட்டராகவே ஆகி, படத்தொகுப்புக்கு மூன்று ஆஸ்கர் வாங்கினார். உங்களுக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல இதை எடுக்கவில்லை. சினிமாவில் வேலை வருவது பெரும்பாலும் “போன தடவை இவரோட வேலை பார்த்தேன், நேரத்துக்கு முடிச்சுக் கொடுத்தார்” என்ற ஒரு வாக்கியத்தால். அந்த வாக்கியத்தைச் சொல்லக்கூடிய முதல் ஆட்கள் உங்கள் வகுப்புத் தோழர்கள்தான்.

இனி வேலைகளைப் பார்ப்போம். அப்பாவுக்குக் காட்ட ஒரு வழி சொல்கிறேன். ஏதாவது ஒரு படத்தின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலை நிறுத்தி நிறுத்திப் படியுங்கள். பெயர்களை விடுங்கள், பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பதவிகளைப் படியுங்கள். ஒவ்வொன்றுக்கும், இந்த ஆள் காலையில் வேலைக்கு வந்ததும் முதலில் என்ன செய்வார் என்று உங்களால் சொல்ல முடிகிறதா பாருங்கள். சொல்ல முடியாத பதவிகளில்தான் நீங்கள் இதுவரை யோசிக்காத வேலைகள் இருக்கின்றன.

உதாரணத்துக்கு ஒலி. ஒரு அறையில் படப்பிடிப்பு முடிந்துவிட்டது, எல்லோரும் சாமான்களை மூட்டை கட்டத் துடிக்கிறார்கள். அப்போது ஒலிப்பதிவாளர் கையைத் தூக்குவார்: “ரூம் டோன், யாரும் அசையாதீங்க!” அரை நிமிடமோ ஒரு நிமிடமோ எல்லோரும் சிலையாக நிற்க, அவர் யாரும் பேசாத அந்த அறையின் ஒலியைப் பதிவு செய்வார். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆறு வாரம் கழித்து என் மேசையில் அதன் அருமை தெரியும். வசனத்துக்கு நடுவே ஒரு இருமல். அதை வெட்டி எறிந்தால் அந்த இடத்தில் ஒலி முற்றிலும் செத்துப்போய், காதுக்குள் ஒரு குழி விழுந்ததுபோல இருக்கும். எந்த அறையும் உண்மையில் மௌனமாக இருப்பதில்லை. மின்விசிறியின் முனகல், தூரத்துச் சாலை, சுவரின் அதிர்வு எல்லாம் சேர்ந்த ஒரு ஒலி எப்போதும் உண்டு. பதிவு செய்து வைத்த அந்த ரூம் டோனை எடுத்து ஒட்டினால் குழி மூடிவிடும். பார்வையாளருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அந்த வேலையின் வெற்றி.

இந்த ஒரு துறைக்குள்ளேயே எத்தனை வேலை பாருங்கள்: படப்பிடிப்பில் ஒலி பிடிப்பவர், மைக் கம்பைத் தாங்குபவர், வசனத்தைச் சுத்தம் செய்பவர், காலடி ஓசையும் துணி உரசலும் புதிதாக உண்டாக்கும் ஃபோலி கலைஞர், படத்தின் மொத்த ஒலியையும் திட்டமிடும் சவுண்ட் டிசைனர், கடைசியில் எல்லாவற்றையும் கலக்கும் மிக்சிங் பொறியாளர். ரசூல் பூக்குட்டி பூனாவில் படித்தது ஒலிப்பதிவுதான். 2009இல் ஆஸ்கர் மேடையில் நின்றார். பரிசை விடுங்கள். மாணவர் கூட்டத்தில் “யார் டைரக்ட் பண்றீங்க?” என்றால் எல்லாக் கையும் எழும்பும், “யார் சவுண்ட்?” என்றால் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் கை தூக்குபவருக்கு முதல் வருடத்திலிருந்தே வேலை ஓயாது. எல்லாத் தோழர்களின் படத்திலும் அவர் பெயர் வரும்.

இதேபோல வெளியே தெரியாத இன்னொரு வேலை, படம் பிடித்த மெமரி கார்டுகளைப் பார்த்துக்கொள்வது. கேமராவிலிருந்து கார்டு வந்ததும் மூன்று பிரதிகள் எடுக்க வேண்டும். இரண்டு வகைச் சேமிப்புக் கருவிகளில் இருக்க வேண்டும், ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும். நகல் எடுத்தால் போதாது, மூலமும் நகலும் துல்லியமாக ஒன்றா என்று மென்பொருளால் சரிபார்த்த பிறகுதான் கார்டை அழிக்கலாம். ஒரு நாள் முழுக்க நூறு பேர் உழைத்தது அந்தக் கட்டைவிரல் அளவு கார்டில் இருக்கிறது. நிதானமான, அவசரப்படாத ஆளுக்கு இதில் நல்ல இடம் உண்டு. ஷாட்டுக்கு ஷாட் உடையும் பொருள்களும் மாறாமல் இருக்கிறதா என்று கன்டினியூட்டி பார்ப்பவர், ஷெட்யூலும் பட்ஜெட்டும் போடும் தயாரிப்பு நிர்வாகி, நிறம் சரிசெய்யும் கலரிஸ்ட், கணினியில் காட்சிகளை உருவாக்கும் வி.எஃப்.எக்ஸ். கலைஞர்கள் என்று பட்டியல் நீளும். இதில் தயாரிப்பு நிர்வாகத்தை மாணவர்கள் மதிப்பதேயில்லை. கணக்கு வரும், பேச வரும், கோபம் வராது என்றால் இந்தத் துறையில் உங்களுக்கு வேலைப் பஞ்சம் இருக்காது என்பது என் எண்ணம். சினிமாவுக்கு வெளியேயும் இதே கைகள் தேவைப்படுகின்றன: விளம்பரம், தொலைக்காட்சி, செய்தி, நிறுவனங்களின் பயிற்சிக் காணொளிகள், வீடியோ கேம்களில் வரும் கதைக்காட்சிகள்.

எழுத்தை மையமாக வைத்த அந்த முதல் படிப்புக்கு வருவோம். “படம் பார்த்துட்டு வர்றது” என்று அப்பா நினைப்பது இதைத்தான். உண்மையில் அங்கே பார்ப்பது கொஞ்சம், எழுதுவதே அதிகம். ஒன்றரை மணி நேரப் படத்தில் நொடிக்கு 24 வீதம் 1,29,600 சட்டகங்கள் (ஃப்ரேம்கள்) இருக்கின்றன. அதில் நாலு நிமிடக் காட்சியை எடுத்துக்கொண்டு, கேமரா எங்கே, வெளிச்சம் எங்கிருந்து, ஒவ்வொரு வெட்டும் ஏன் அந்த இடத்தில் என்று பத்துப் பக்கம் எழுதச் சொல்வார்கள். அடுத்தவர் ஒப்புக்கொள்ளும்படி ஆதாரத்தோடு எழுதுவது எங்கே போனாலும் காசாகும் திறமை. ஆனால் விமர்சகராகச் சம்பளம் வாங்கும் வேலைகள் உலகெங்கும் மிகக் குறைவு. அதை மட்டும் நம்பாதீர்கள். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த இந்தப் பட்டம் போதாது, முனைவர் பட்டம் வரை போக வேண்டியிருக்கும்.

இந்தப் படிப்புக்குப் பொருத்தமான, அதிகம் பேசப்படாத வேலை ஆவணக் காப்பகம். 1950களின் தொடக்கம் வரை புழக்கத்தில் இருந்த நைட்ரேட் படச்சுருள் சட்டென்று தீப்பிடிக்கும். அதற்கு மாற்றாக வந்த அசிடேட் சுருள் எளிதில் தீப்பிடிக்காது, ஆனால் உள்ளுக்குள்ளேயே சிதையும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் சிதைவு தொடங்கிவிட்டது என்று பொருள். அதைத் திருப்ப முடியாது. குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வைத்து வேகத்தைக் குறைக்கலாம், அதற்குள் நகல் எடுத்துவிட வேண்டும். டிஜிட்டல் என்றால் கவலையில்லை என்று நினைத்துவிடாதீர்கள்: ஹார்ட் டிஸ்க் திடீரென்று நிற்கும், பழைய டேப்பைப் புதிய கருவி படிக்காது. சில வருடங்களுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1938இல் தொடங்கிய சர்வதேசத் திரைப்படக் காப்பகங்களின் கூட்டமைப்பில் உலகம் முழுவதிலிருந்தும் காப்பகங்கள் உறுப்பினர்களாக இருக்கின்றன. இதற்கென்றே முதுகலைப் படிப்புகளும் உண்டு. வரலாறும் தெரிந்து, கையால் சுருளைத் தொடவும் தெரிந்தவர்கள் குறைவு.

ஆவணப்படங்களுக்குப் பழைய காட்சிகளைத் தேடிப் பிடித்து உரிமை வாங்கித்தரும் வேலையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இருபது நொடித் துண்டு ஒன்றில் படத்துக்கு ஒருவர் உரிமையாளர், பின்னணியில் ஓடும் பாட்டுக்கு இன்னொருவர் என்று சிக்கலாக இருக்கும். துப்பறியும் குணம் இருப்பவர்களுக்குப் பிடிக்கும். திரைப்பட விழாக்களில் படம் தேர்ந்தெடுக்கும் குழு, சப்டைட்டில், பார்வையற்றவர்களுக்காகக் காட்சியை வர்ணிக்கும் ஒலி விவரிப்பு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டுக் கசப்பானதை மறைக்கக் கூடாது. இந்த வேலைகளில் பெரும்பகுதி மாதச் சம்பள வேலைகள் அல்ல. படத்துக்குப் படம், வாரத்துக்கு வாரம் ஒப்பந்தம். இரண்டு படத்துக்கு நடுவே மூன்று மாதம் சும்மா இருக்க நேரும். வேலை நேரம் நீளமானது, பணம் தாமதமாக வரும், சில சமயம் வராது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் வேலை தொடங்காமல் இருப்பதையும், பெயர் எப்படி வரும் என்பதை முதலிலேயே பேசிவிடுவதையும் பழகிக்கொள்ள வேண்டும். இப்போது செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துகொண்டது. வசனத்தை எழுத்தாக்குவது, சப்டைட்டிலின் முதல் வரைவு, வி.எஃப்.எக்ஸில் உருவத்தைச் சுற்றிக் கோடு போட்டுப் பிரிப்பது போன்ற ஆரம்பநிலை வேலைகளை அது விழுங்கத் தொடங்கிவிட்டது. புதிதாக வருபவர்கள் ஏறிவரும் முதல் படிகள் இவைதான் என்பதால் எனக்கு இதில் கவலை உண்டு. ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்ப எடுத்ததில் எந்த டேக் உண்மையாக இருக்கிறது, எங்கே நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்யும் வேலைக்கு ஆள் தேவைப்படும். ஆனால் அந்த நிலைக்கு வருவதற்குள் தாக்குப்பிடிக்க வேண்டுமே!

இதனால்தான் கடன் விஷயத்தில் நான் கறார். மாதாமாதம் தவணை கட்ட வேண்டியவரால் மாத வருமானம் இல்லாத தொழிலில் நிற்க முடியாது. நல்ல படத்தில் குறைந்த சம்பளத்துக்குக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு வரும்போது, தவணைக்காக அதை விட்டுவிட்டு வேறெங்கோ போவீர்கள். அப்படிப் போன மாணவர்களை எனக்குத் தெரியும், திறமையில் குறைவில்லாதவர்கள்.

மாமா சொல்லும் வழி? படப்பிடிப்பில் கற்பதைக் கல்லூரியில் கற்க முடியாது, அது உண்மை. ஆனால் உதவி இயக்குநர் கற்றுக்கொள்வது முக்கியமாக ஒரே ஒருவரின் பழக்கவழக்கங்களை. அவர் நல்லவராக, வேலை தெரிந்தவராக அமைந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் இரண்டு வருடம் கிளாப் போர்டும் கூட்டத்தை ஒதுக்குவதுமாகக் கழியும், கையில் சொந்தமாக ஒரு படம்கூட இருக்காது. அப்புறம், பதினெட்டு வயதில், தெரியாத ஆட்களோடு, இரவு பகல் பார்க்காத வேலையில் “வேண்டாம்” என்று சொல்லும் தைரியம் எல்லோருக்கும் இருப்பதில்லை. படித்துக்கொண்டே விடுமுறைகளில் படப்பிடிப்புக்குப் போகலாமே. மாமாவுக்கு யாரையாவது தெரியும் என்றால் அந்த அறிமுகத்தை அதற்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலைமையில் நான் முதல் படிப்பைத்தான் எடுப்பேன், ஒரு நிபந்தனையோடு. அங்கே வருடத்துக்கு ஒரு செய்முறைத் தாளாவது இருக்க வேண்டும், அல்லது மாணவர்கள் தாங்களாகவே படம் எடுக்கும் சங்கமாவது உயிரோடு இருக்க வேண்டும். கட்டணத்தில் மிச்சமாகும் பணத்தில் ஒரு சிறு பகுதியை ஒலிப்பதிவுக் கருவிக்குப் போடுங்கள், கேமராவுக்கு வேண்டாம். இரண்டாம் வருடம் முடிவதற்குள் ஏதாவது ஒரு துறையைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும் என்பவரை யாரும் கூப்பிடுவதில்லை. செய்முறைப் படிப்புக்கு உதவித்தொகை கிடைத்துக் கடன் தேவையில்லை என்றானால் என் பதில் மாறும், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எதுவானாலும் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கல்லூரிகளிலும் கொஞ்சம் விசாரியுங்கள். புகழ்பெற்ற பழைய மாணவர் ஒருவரின் படத்தைச் சுவரில் மாட்டியிருப்பார்கள், அதைத் தாண்டிப் போங்கள். மூன்று வருடம் முன்பு படித்து முடித்தவர்களில் நாலைந்து பேரோடு பேச வழி கேளுங்கள். மூன்று வருடத்தில் ஒரு மாணவர் எத்தனை படங்களை முழுதாக முடிக்கிறார், கருவிகளை மாலையிலும் விடுமுறையிலும் எடுக்க முடியுமா, பாடம் நடத்துபவர்கள் இன்னும் தொழிலில் இருக்கிறார்களா என்று அவர்களிடமே கேளுங்கள். அலுவலகத்தில் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: மாணவர் எடுக்கும் படத்தின் உரிமை யாருக்கு? பல கல்லூரிகள் அதைத் தங்களிடமே வைத்துக்கொள்கின்றன. அப்படியானால், விழாவுக்கு அனுப்பவும், வேலை கேட்கும்போது காட்டும் உங்கள் ஷோரீலில் சேர்க்கவும் அனுமதி உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பணம் கட்டுபவர் கேட்டால் பதில் சீக்கிரம் வருகிறது.